மழைமறைவு நிலத்தில் சிறு உழவர்: எலப்புள்ளி வட்டார நீர் வரலாறு

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே மழை மிகுதி, கிழக்கே மழை குறைவு என்பது தென்னிந்திய நில அமைப்பைப் பற்றிய பொதுவான கருத்து. இக்கருத்துக்கு விலக்காக அமைந்தது பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதியாகும். கேரள மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். சித்தூர் வட்டத்தின் கிழக்கு எல்லை ஊர்களோ அதில் பாதியை எட்டுவதும் அரிது. எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி முதலிய ஊராட்சிகள் அடங்கிய இவ்வட்டாரத்தில் நெல்வயலும் கரிசற்காடும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மலையாளமும் தமிழும் ஒரே சந்தையில் புழங்குகின்றன.

காலநிலை மாற்றத்தைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் வறண்ட நிலச் சிறு உழவர்க்குப் பல பரிந்துரைகளை வழங்குகின்றன. வறட்சி தாங்கும் விதை, சொட்டுநீர், ஊடுபயிர், பயிர்க்காப்பீடு என்பன அவற்றுள் சில. இவை பயனுடையனவே. எனினும் மழை பொய்க்கும் நிலத்தில் வாழப் பழகிய உழவரின் நெடிய வரலாறு இப்பரிந்துரைகளில் இடம்பெறுவது குறைவு. எலப்புள்ளி வட்டாரத்தின் நீர் வரலாற்றை முன்வைத்து, சிறு உழவரின் தகவமைவு எவற்றைச் சார்ந்து நின்றது, எக்காலத்தில் எதனால் தளர்ந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய மரபு. ஒரு நிலத்தின் வாழ்வை அறிய அதன் பொழுதையும் சேர்த்தே அறிய வேண்டும் என்னும் இக்கோட்பாடு பாலக்காட்டுக் கணவாய்க்கு மிகப் பொருந்தும். நீலமலைக்கும் ஆனைமலைத் தொடருக்கும் இடையே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் மலைத்தொடர் இங்கு அறுபடுகிறது. ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்தால்தான் பெருமழை பெய்யும். கணவாயில் மோதுவதற்கு மலை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றிக் கோயம்புத்தூர்ச் சமவெளிக்குக் கடந்துபோகிறது. தெற்கே நெல்லியாம்பதி மலைகள் மழையின் ஒரு பங்கை முன்னதாகவே பெற்றுக்கொள்கின்றன. பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று மண்ணின் எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. ஆகவே, இவ்வட்டாரத்தின் வறட்சிக்கு மழைக்குறைவும் காற்றும் ஆகிய இரண்டும் காரணங்களாகின்றன.

பாலக்காடு என்னும் பெயரைப் பாலமரத்தோடு தொடர்புபடுத்துவோரும் பாலை நிலத்தோடு தொடர்புபடுத்துவோரும் உளர். பெயராய்வு எவ்வாறு முடியினும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும் கருத்து இங்கு நினைக்கத்தக்கது. பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், நீர் இழந்த நிலத்தின் நிலையாகக் கண்ட பார்வை அது. இவ்வட்டார ஆற்றுப் பெயர்களிலும் இந்த அறிவு பதிந்துள்ளது. கல்பாத்திப் புழையின் கிளையாறுகள் மலம்புழை, வாளையாறு, கோரையாறு, வரட்டாறு என்பன. கோரை வளரும் ஆறு ஒன்று, வறண்டு கிடக்கும் ஆறு மற்றொன்று எனப் பெயரே நீர்நிலையைச் சொல்கிறது.

அரசியல் எல்லைகளும் இந்நிலத்தைப் பலவாறு பிரித்தன. பாலக்காட்டு வட்டம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது; அதனை அடுத்த சித்தூர் கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவானபின் 1957 சனவரி 1 முதல் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. உழவும் வணிகமும் இவ்வெல்லைகளைப் பொருட்படுத்தவில்லை. வேலந்தாவளம் என்னும் எல்லையூரின் பெயரில் உள்ள தாவளம் என்பது தங்குமிடத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். 1800ஆம் ஆண்டின் இறுதியில் கோயம்புத்தூர்ப் பகுதியிலிருந்து கொல்லங்கோடு வழியாகப் பாலக்காட்டுக்கு வந்த பிரான்சிசு புக்கானனும் இக்கணவாய் வழியையே கடந்தார். அவருடைய பயண நூல் 1807இல் வெளிவந்தது.

விதையும் பட்டமும்

அணைகள் எழுவதற்கு முன் இவ்வட்டார உழவர் மழையின் ஐயப்பாட்டை எதிர்கொண்ட முதல் வழி, விதைக்கும் காலத்தைப் பகுத்துக் கொண்டதாகும். தமிழ் உழவர் ஆடிப்பட்டம், தைப்பட்டம், மாசிப்பட்டம் எனப் பட்டம் வகுத்தனர். மலையாள உழவர் ஞாயிறு 27 விண்மீன்களைக் கடக்கும் காலத்தை 27 ஞாற்றுவேலைகளாகப் பகுத்தனர். ஒவ்வொரு ஞாற்றுவேலையும் ஏறத்தாழ 13, 14 நாள் நீளும். மிளகுக்கொடி நடுவதற்குத் திருவாதிரை ஞாற்றுவேலை ஏற்றது என்பது பரவலாக அறியப்பட்ட வழக்கு. எல்லைப் பகுதி உழவர் இரு நாட்காட்டிகளையும் அறிந்திருந்தனர். நெல்வயலுக்கு ஞாற்றுவேலையும் மேட்டுக்காட்டுக்குப் பட்டமும் வழிகாட்டின.

சித்திரையில் தமிழகத்தில் நிகழும் பொன்னேர் பூட்டுதலும் மலையாளத்தின் விஷுச்சாலும் ஒரே பருவத்துச் சடங்குகள். கோடைமழை மண்ணை இளக்கும் காலத்தில் முதல் உழவைத் தொடங்குவதை இரண்டும் குறிக்கின்றன. அதனைத் தொடர்ந்து பாலக்காட்டு வயல்களில் நடைபெறுவது பொடிவிதை. தமிழகத்தில் இது புழுதி விதைப்பு எனப்படும். காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டுப் பருவமழைக்குக் காத்திருக்கும் முறை இது. நாற்றங்காலுக்கு நீர் தேடும் தேவை இதில் இல்லை. மழை தொடங்கும்போது பயிர் வேர் பிடித்து நிற்பதால், கிடைக்கும் ஈரம் முழுவதும் அதற்குப் பயன்படுகிறது.

மற்றொரு முறை கூட்டுமுண்டகன். முதற்போகத்துக்குரிய விரிப்பு நெல்லையும் இரண்டாம் போகத்துக்குரிய முண்டகன் நெல்லையும் கலந்து ஒரே நேரத்தில் விதைப்பர். குறுகிய காலப்பயிர் முதலில் அறுவடையாகும். அடியில் நின்ற நெடுங்காலப்பயிர் பின்னர்த் தழைத்து விளையும். தஞ்சைப் பகுதியில் குறுவையும் ஒட்டடனும் கலந்து விதைத்த உடு முறையும் இதை ஒத்ததே. உழவுச் செலவு ஒன்று, அறுவடை இரண்டு என்பது இதன் வெளிப்படையான பயன். ஒரு பருவம் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே இதன் உட்பொருள். நீர்ப்பாசனம் இல்லாத மேட்டுநிலத்துக்கு மோடன் என்னும் நெல்வகை உரியதாக இருந்தது. 1927இல் சென்னை மாகாண அரசு நிறுவிய பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் கட்டமோடன், கருத்தமோடன், சுவன்னமோடன் என்னும் மேட்டுநெல் வகைகளைத் தெரிந்தெடுத்து வெளியிட்டது. உழவர் காத்த விதையே ஆராய்ச்சி நிலையத்தின் முதலாக இருந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

கரிசற்காட்டில் சோளம், கேழ்வரகு, நிலக்கடலை, எள், துவரை, பருத்தி ஆகியன விளைந்தன. காட்டின் ஓரத்தில் பனை நின்றது. வேர் ஆழமாக இறங்கும் பனை, மற்றப் பயிர்கள் கருகும் கோடையிலும் பதநீரும் நுங்கும் ஓலையும் தந்தது. தானியம், பயறு, எண்ணெய்வித்து, மரம், கால்நடை ஆகிய ஐந்தும் ஒரு குடும்பத்தின் காட்டில் சேர்ந்திருந்தமையே அக்காலத்தின் பயிர்க்காப்பீடு எனலாம்.

சிறை, ஏரி, கொக்கரணி

இரண்டாவது வழி நீர்ச்சேமிப்பு. இதனை அறிய இவ்வட்டாரச் சொற்களே துணைபுரிகின்றன. மலையாளத்தில் நீர்நிலையைக் குறிக்கக் குளம், சிற என்னும் சொற்கள் பெருவழக்கு. சிற என்பது நீரைச் சிறைப்படுத்தும் கரையைக் குறிக்கும் தமிழ்ச் சிறை என்பதன் இனச்சொல். சித்தூர்க் கிழக்குப் பகுதியிலோ ஏரி என்னும் சொல்லே வழங்குகிறது. கம்பாலத்தறை, வெங்கலக்கயம் முதலிய ஏரிகள் பிற்காலப் பாசன அமைப்போடு இணைக்கப்பட்டும் அப்பெயரை இழக்கவில்லை. கேரளத்தின் பெரும்பகுதியில் ஆண்டில் பல மாதம் மழை கிடைப்பதால், கரை கட்டிப் பள்ளத்தில் நீர் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் ஏரிப்பாசனம் அங்கு வளரவில்லை. அது வேண்டப்பட்ட இடத்தில் சொல்லும் அமைப்பும் கொங்குநாட்டு வழக்கை ஒட்டி நின்றன.

நெல்வயலின் நடுவே தோண்டப்பட்ட பெரிய திறந்த நீர்க்குழி கொக்கரணி எனப்படும். வயலிலிருந்து கசியும் நீர் இதில் சேரும். பருவமழை ஓய்ந்தபின் கதிர் முற்றும் காலத்தில் இரண்டு மூன்று முறை நீர் இறைத்தால் விளைச்சல் தப்பும். மேட்டுக்காட்டில் கிணறும் கவலையும் இருந்தன. எருது பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், கிணற்றிலிருந்து எடுக்கும் நீரின் அளவுக்கு எருதின் வலிமையே எல்லை. ஒரு நாளில் இறைத்த நீர் மறுநாள் ஊறிவிடும். இவ்வெல்லை சட்டத்தால் வந்ததன்று, கருவியால் வந்தது. எனினும் அடுத்தவர் கிணறு வற்றாமல் காத்தது அதுவே.

இப்பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. நிலவுடைமை சிலரிடம் குவிந்திருந்தது. பயிரிட்டவர் பெரும்பாலும் குத்தகையாளர். குளத்து நீரில் முதலுரிமை மேல்நிலை வயலுக்கும் வலியவர்க்கும் இருந்தது. இரவாளர், மலசர் முதலிய பழங்குடியினர் உழைப்பை மட்டும் தந்தனர். அவர்கட்கு நிலமும் இல்லை, நீரும் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம், மழையை நம்பிய உழவின் வலுவின்மையையும் வெளிப்படுத்தியது. பழைய முறைகளிலிருந்து கொள்ளத்தக்கது அவற்றின் நுட்பமே. அவற்றின் சமூக அமைப்பு கொள்ளத்தக்கதன்று.

அணையும் ஒப்பந்தமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வட்டாரத்தின் நீர் ஏற்பாடு அடியோடு மாறியது. 1949இல் சென்னை மாகாண அரசு தொடங்கிய மலம்புழை அணை 1955இல் திறக்கப்பட்டது. வாளையாறு, மீன்கரை முதலிய அணைகளும் தொடர்ந்து எழுந்தன. பாலக்காடு கேரளத்தின் நெற்களஞ்சியம் என்னும் பெயரை உறுதிப்படுத்தியவை இவற்றின் கால்வாய்களே. பல தலைமுறைகளாக ஒருபோகம் கண்ட வயல்கள் இருபோகம் கண்டன. உழவர் வாழ்வில் இது பெரிய ஏற்றம் என்பதில் ஐயமில்லை.

கிழக்கு எல்லைப் பகுதியின் நீர் மற்றொரு வழியில் வந்தது. பாரதப்புழையின் மொத்த வடிநிலம் 6186 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 4400 சதுர கிலோமீட்டர் கேரளத்திலும் எஞ்சியது தமிழ்நாட்டிலும் உள்ளன. ஆழியாறும் பாலாறும் சேர்ந்து சித்தூர்ப்புழையாகக் கேரளத்துக்குள் நுழைகின்றன. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கீழ் இந்நீர் இரு மாநிலங்களுக்கும் பங்கிடப்பட்டது. 1970 மே 29இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. மூலத்தறையிலிருந்து கால்வாய்கள் வழியாக அந்நீர் சித்தூர் வயல்களை அடைகிறது.

30 ஆண்டுக்கொரு முறை மறுஆய்வு என்று ஒப்பந்தம் கூறியது. முதல் தவணை 1988இல் முடிந்தது, பேச்சுவார்த்தைகள் நீண்டன. வறட்சி ஆண்டுகளில் மணக்கடவின் அளவு செய்தித்தாளின் முதற்பக்கச் செய்தியாயிற்று. தமிழ்நாட்டுத் தரப்பில் பொள்ளாச்சி, உடுமலை உழவரின் தேவையும் இதே அளவு உண்மையானது. இரு பக்கத்துச் சிறு உழவரும் ஒரே மழையை நம்பியவர்கள். ஒரே வறட்சியில் வாடியவர்கள். முன்னர் ஊர்க்குளத்தின் மதகடியில் தீர்ந்த வழக்கு, இப்போது இரு தலைநகரங்களில் பேசப்படும் வழக்காயிற்று. நீரின் அளவு கூடியது. ஆனால் நீர் எப்போது வரும் என்பதை முடிவு செய்யும் இடம் உழவரிடமிருந்து வெகுதொலைவு சென்றது. பொழுதைக் கணித்து உழுத உழவர்க்கு இது புதிய வகை ஐயப்பாடு.

இதே காலத்தில் நிலவுரிமையும் மாறியது. கேரள நிலச்சீர்திருத்தச் சட்டத் திருத்தம் 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குத்தகையாளர் நிலவுடைமையாளர் ஆயினர். ஊராட்சிப் பகுதிகளில் குடியிருப்புத் தொழிலாளர்க்கு 10 சென்ட் வரை மனை கிடைத்தது. இன்றைய சிறு உழவர் உருவான வரலாற்றுத் தருணம் இது. இச்சட்டம் நிலத்தைப் பங்கிட்டது, நீரைப் பங்கிடவில்லை. குளத்தைத் தூர்வாரவும் சிறையைக் காக்கவும் பொறுப்பேற்றிருந்த பழைய அதிகாரம் தளர்ந்தது. புதிய பொது அமைப்பு அவ்விடத்துக்கு உடனே வரவில்லை. அணைநீர் வந்ததால் ஊர் நீர்நிலைகளின் தேவையும் மறக்கப்பட்டது. பின்னர் பாகப்பிரிவினைகளால் நிலம் மேலும் சுருங்கியது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஓர் உழவர் கைப்பற்றின் சராசரி அளவு 0.18 எக்டேர் மட்டுமே. இத்துணைச் சிறிய நிலத்தில் தனியாக ஒரு குளமோ கொக்கரணியோ அமைப்பது இயலாது. சிறு உழவரின் நீர்ச்சேமிப்பு கூட்டாகவே அமைய வேண்டும் என்பது இவ்வளவையின் வெளிப்படையான முடிவு.

ஆழ்துளைக் கிணறும் பயிர் மாற்றமும்

கால்வாயின் கடைமடைக்கு நீர் வராத ஊர்களில் 1980களுக்குப் பின் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. கவலைக்கு இருந்த எல்லை மின்னியந்திரத்துக்கு இல்லை. இப்பகுதியின் அடிநிலம் கடும்பாறை. பாறை வெடிப்புகளில் தங்கும் நீர் மெல்ல ஊறுவது. விரைந்து எடுத்தால் திரும்ப நிறையப் பல பருவங்கள் ஆகும். ஒருவர் ஆழமாகத் துளையிட்டால் அண்டைக் கிணறு வற்றும். அவரும் ஆழமாகத் துளையிடுவார். இப்போட்டியில் முதலில் தோற்பவர் கடன் வாங்க இயலாத சிறு உழவரே. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டில் கேரளத்தில் அளவுக்கு மீறி நீர் எடுக்கப்பட்ட ஒரே ஒன்றியமாகச் சித்தூர் குறிக்கப்பட்டது. மழை மிகுந்த மாநிலத்தில் இவ்வாறு ஒரு பகுதி இருப்பது சராசரிகள் மறைக்கும் உண்மையைக் காட்டுகிறது.

பயிரும் மாறியது. சோளமும் கேழ்வரகும் சுருங்கின. தென்னை, கரும்பு, மா, காய்கறி ஆகியன பரவின. கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குப் பெரும்பங்கு கள் சித்தூர்த் தோப்புகளிலிருந்தே சென்றது. முதலமடை மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. மேனோன்பாறையில் இயங்கிய சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நம்பி உழவர் கரும்பு பயிரிட்டனர். ஆலை மூடப்பட்டபோது கரும்பும் மறைந்தது. இம்மாற்றங்களுக்கு உழவரைக் குறை கூறுவதற்கில்லை. கூலி உயர்ந்த காலத்தில் ஆள் குறைவாக வேண்டும் பயிரையும், பணம் விரைவில் தரும் பயிரையும் அவர்கள் நாடினர். எனினும் ஐந்து வகைப் பயிரில் பகிர்ந்திருந்த இடர் ஒரே பயிரில் குவிந்தது. நீண்டகாலப் பயிரான தென்னை ஒரு கோடையில் காய்ந்தால் இழப்பு ஓராண்டோடு முடிவதில்லை. மீண்டும் நட்டுப் பயன் பெறப் பல ஆண்டுகள் வேண்டும்.

பிளாச்சிமடையும் எலப்புள்ளியும்

நிலத்தடி நீர் யாருக்கு உரியது என்னும் வினா 2000க்குப் பின் கூர்மையடைந்தது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தை ஒட்டி, நிலத்துக்கு உரியவரே அதன் அடியிலுள்ள நீருக்கும் உரியவர் என்னும் கருத்து நிலவி வந்தது. எருது இறைத்த காலத்தில் தீங்கு விளைக்காத அக்கருத்து, ஆலைகளின் காலத்தில் வேறு பொருள் பெற்றது.

பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் இந்துசுதான் கோக்கோ-கோலா நிறுவனத்தின் ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் குறைந்ததாகவும் சுவையும் தன்மையும் கெட்டதாகவும் மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22இல் போராட்டம் தொடங்கியது. பழங்குடிப் பெண்ணான மயிலம்மா அதன் முகமாக அறியப்பட்டார். அவர் 2007இல் காலமானார். 2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பர் 16இல் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களுக்குரிய பொதுச் சொத்து என்றும், அரசு அதன் காவலர் என்றும் தீர்ப்பளித்தார். 34 ஏக்கர் நிலமுள்ள ஒருவர் தம் வழக்கமான வீட்டுத் தேவைக்கும் உழவுக்கும் எடுக்கும் அளவையே நிறுவனமும் எடுக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் நீதிபதிகள் அமர்வு இக்கருத்தை ஏற்காமல், நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் எடுக்க நிபந்தனைகளோடு இசைந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. ஆலையை மீண்டும் தொடங்கும் எண்ணமில்லை என 2017இல் நிறுவனம் அங்குத் தெரிவித்தது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைப்பதற்குக் கேரளச் சட்டப்பேரவை 2011இல் இயற்றிய சட்டமுன்வடிவு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை. ஆலை மூடப்பட்டதில் மக்கள் வென்றனர். இழப்பீட்டில் அவ்வெற்றி நிறைவேறவில்லை.

2025 சனவரியில் இவ்வினா எலப்புள்ளிக்கு வந்தது. எலப்புள்ளி ஊராட்சியில் எத்தனால், மது வடிப்பு, பீர் ஆகியவற்றை உள்ளடக்கிய ஆலை அமைக்க ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கேரள அமைச்சரவை தொடக்க அனுமதி அளித்தது. நிலத்தடி நீர் எடுக்கப்படாது, மழைநீர்ச் சேமிப்பும் நீர் ஆணையத்தின் குழாய்நீருமே பயன்படும் என்பது அரசுத் தரப்பு விளக்கம். குழாய்நீரும் மலம்புழையிலிருந்தே வர வேண்டும், அது குடிநீருக்கும் பாசனத்துக்கும் உரியது என்பது எதிர்ப்பாளரின் வாதம். ஊராட்சி எதிர்த்தது, வழக்கு உயர்நீதிமன்றத்தை எட்டியது. வாதங்களின் தகுதியை முடிவு செய்வது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. வரலாற்று நோக்கில் குறிக்கத்தக்கது ஒன்று உண்டு. பிளாச்சிமடையில் ஆலை இயங்கிய பின்னரே வினா எழுந்தது; எலப்புள்ளியில் ஆலைக்கு அடிக்கல் இடுமுன்பே எழுந்தது. 20 ஆண்டு இடைவெளியில் ஓர் அண்டை ஊரின் துயரம் இவ்வட்டாரத்தின் பொது அறிவாகிவிட்டது.

மாறும் பருவமும் அண்டை நிலங்களின் பாடமும்

1871 முதல் 2005 வரையிலான மழைப் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை குறைந்து, பருவமழைக்குப் பிந்தைய மழை கூடிவருவதைக் காட்டியது. 2016இல் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால், அவ்வாண்டு அக்டோபரில் 14 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. 2018 ஆகத்தில் பெருவெள்ளம் வந்தது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 பாகை செல்சியசைக் கடந்தது. வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. மழையின் மொத்த அளவைவிட அதன் ஒழுங்கு குலைவதே உழவரை மிகுதியாகப் பாதிக்கிறது. பொடிவிதை இதற்கு நல்ல சான்று. முன்மழையில் முளைத்த நெல், அடுத்த மழை இரு வாரம் தாழ்ந்தால் கருகிவிடும். ஞாற்றுவேலை மாறவில்லை, ஞாற்றுவேலைக்குரிய மழை மாறிவிட்டது.

இந்நிலையில் ஒத்த நிலங்களின் பட்டறிவு துணையாகும். பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர் முதலிய பழங்குடியினர் கேழ்வரகு, சாமை, துவரை, கீரை ஆகியவற்றை ஒரே காட்டில் கலந்து விதைக்கும் முறையைக் காத்து வந்தனர். அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் 2022இல் புவிசார் குறியீடு பெற்றன. வறட்சி தாங்கும் பயிருக்குச் சந்தையில் பெயர் கிடைத்தால்தான் அது நிலத்தில் நிற்கும் என்பது இதனால் விளங்கும். இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர், வட்டவடைப் பகுதியும் தமிழ் வழங்கும் மழைமறைவு நிலமே. அஞ்சுநாடு எனப்படும் மறையூர் வட்டாரத்தில் வாய்க்கால் நீரில் கரும்பு விளைந்து வெல்லமாகிறது. மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. வட்டவடையில் தைலமரத் தோப்புகள் பரவியதால் ஊற்றுகள் குன்றின என்னும் முறையீடும் அப்பகுதியின் வரலாற்றில் உண்டு.

கணவாயின் மறுபுறமுள்ள கொங்குநாட்டின் காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கொறங்காடு என்னும் மேய்ச்சல்நில முறை வழங்குகிறது. கிளுவை வேலியிட்ட காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்து வளரும். மழை பொய்த்த ஆண்டில் தானியம் இல்லாவிடினும் புல்லும் வேலங்காயும் மாட்டையும் ஆட்டையும் காக்கும். உழாமல் விட்ட நிலமும் உழவின் பகுதியே என்னும் அறிவு இதில் உள்ளது.

சித்தூர்க் கிழக்கில் சொட்டுநீரும் மேட்டுப்பாத்தியும் கொண்ட காய்கறிச் சாகுபடி இன்று பரவியுள்ளது. நீர்ச் சிக்கனத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் சேமித்த நீர் நிலத்தடியில் தங்காமல் புதிய பரப்பைப் பயிரிடச் செலவாகுமாயின், நிலத்தடி நீர்மட்டம் உயராது. எனவே சிக்கனக் கருவியோடு ஊர் அளவிலான நீர்க்கணக்கும் வேண்டும். 2002ஆம் ஆண்டின் கேரள நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம், 2008ஆம் ஆண்டின் நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், 2016 டிசம்பரில் தொடங்கிய பசுமைக் கேரள இயக்கம் ஆகியவை இதற்கு வழி திறந்துள்ளன. நெல்வயல் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் பரந்த தேக்கம் என்னும் பழைய அறிவைச் சட்டம் இப்போது ஏற்றுக்கொண்டுள்ளது.

முடிவுரை

எலப்புள்ளி வட்டார வரலாறு சிறு உழவரின் தகவமைவு மூன்று தூண்களின்மேல் நின்றதைக் காட்டுகிறது. முதலாவது, பொழுதுக்கேற்ற பலவகை விதை. இரண்டாவது, கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள நீர்ச்சேமிப்பு. மூன்றாவது, அந்நீரை எப்போது, யார், எவ்வளவு எடுப்பது என்பதில் உழவருக்கு இருக்கும் குரல். பழைய ஏற்பாட்டில் முதல் இரண்டும் வலுவாக இருந்தன. மூன்றாவது சிலருக்கே உரியதாக இருந்தது. அணைக்காலம் நீரைப் பெருக்கியது. அக்குரலைத் தொலைவுக்குக் கொண்டுசென்றது. ஆழ்துளைக் கிணற்றுக்காலம் பணமுள்ளவரின் கையில் அதனை விட்டது. பிளாச்சிமடை அதனை ஊராட்சிக்கு மீட்க முயன்றது. எலப்புள்ளி அம்முயற்சியின் தொடர்ச்சி.

இன்றைய திட்டங்கள் முதல் தூணுக்கு மிகுந்த கவனமும் இரண்டாவதற்குச் சிறிது கவனமும் செலுத்துகின்றன. மூன்றாவது தூண் இல்லாதவழி மற்ற இரண்டும் நிலைபெறா. மோடன் நெல்லை விதைக்கச் சொல்லலாம், கொக்கரணியைத் தூர்வாரலாம். அக்கொக்கரணியின் அடியூற்று அண்டை நிலத்து ஆழ்துளைக்குப் போகுமாயின் விதையும் உழைப்பும் வீணாகும். ஆகவே ஊராட்சி அளவில் நீர்க்கணக்கு எழுதுவதும், நிலமற்றவர் உட்பட அனைவரும் அமரும் அவையில் அதனைப் படிப்பதும், அதன்படி பயிரையும் கிணற்றின் ஆழத்தையும் முடிவு செய்வதும் காலநிலைத் தகவமைவின் தலையாய பணிகளாகக் கொள்ளத்தக்கன. வரட்டாறு என்று தம் ஆற்றுக்குப் பெயரிட்ட முன்னோர் வறட்சியை மறைக்கவில்லை. அதனை அறிந்தே வாழ்ந்தனர். அவ்வறிவைப் பொதுவுரிமையோடு இணைப்பது இத்தலைமுறையின் கடன்.